கழித்துப் போட்ட படங்கள்

ஓங்கலைப் படம் பிடிக்கும் வேலையில் அழகுக்கு இடமே கிடையாது. சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. கல்யாண வீட்டில் என்னைப் பார்த்துவிட்டால் போதும், "நீங்கதானே டால்பின் போட்டோ எடுக்கிறவங்க, துள்ளிக் குதிக்கிற மாதிரி ஒண்ணு காட்டுங்களேன்" என்று பிடித்துக்கொள்வார்கள். துள்ளிக் குதிக்கும் படம் எனக்குக் குப்பை. சிரிக்கிற மாதிரி இருக்கும் அந்த முகம் அதைவிடப் பெரிய குப்பை. எனக்கு வேண்டியது முதுகுத் துடுப்பு, அதுவும் பக்கவாட்டில். துடுப்பின் பின்விளிம்பில் சுறா கடித்தும் வலை அறுத்தும் வெட்டுகள் விழுந்திருக்கும். நம் கைரேகை போல, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. வெட்டைப் பார்த்துத்தான் இது இன்ன ஓங்கல் என்று சொல்வோம். முகத்தைக் காட்டிக்கொண்டு நேராக வரும் படத்தில் துடுப்பு வெறும் கோடாகத் தெரியும், வெட்டு தெரியாது. அந்தப் படங்களைக் கணினியில் ஒரு மூலையில் கழித்துப் போட்டுவிடுவோம். அந்த மூலையை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்தப் பழக்கத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. அதற்கு முன் சந்தியாகுவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சந்தியாகு என் படகுக்காரன். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். வயதில் எனக்குத் தம்பி. நான் எடுத்த உருப்படியான படங்களில் பாதிக்கு மேல் அவனுடைய 'விடிவெள்ளி' படகின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்து எடுத்தவை. அவன் ஓங்கலைத் துரத்தமாட்டான். மோட்டாரை மெல்லத் தணித்து ஓரமாக ஒதுங்கி நிற்பான். "பொண்ணு கேட்டுப் போற வீட்டுல ஓடிப் போயி உள்ள நொழைய முடியுமாக்கா? அதுக நம்மளப் பாக்க வரட்டும்" என்பான். வரும். அவன் மோட்டார் சத்தம் கேட்டாலே எங்கிருந்தோ வந்துவிடும். கரைக்கு எதிரே இருக்கும் தீவுகளுக்கு இந்தப் பக்கம் டீசல் இயந்திரமே கூடாது என்று சட்டம் வந்து எல்லாப் படகும் மின்மோட்டாருக்கு மாறிய பிறகு, அவை இன்னும் கிட்டே வர ஆரம்பித்தன.

அந்தச் சந்தியாகு தூரத்து மீனுக்கு என்று தெற்கே தனியாகப் போனான். அன்று மத்தியானம் யாரும் எதிர்பாராமல் சூறைக்காற்று அடித்தது. அவன் திரும்பவில்லை. நீரோட்டம் தெற்கே இழுக்கும் காலம் என்பதால் விமானமும் கப்பலும் தெற்கே தேடின. ஒரு வாரமாகியும் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவன் மனைவி பிலோமி எங்கள் ஆய்வுக் கொட்டகைக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"ஜெசியக்கா, உங்க பெட்டி ஓங்கல் பேசுத பேரெல்லாம் சொல்லுதாமே. எங்க வீட்டுக்காரவிய பேரச் சொல்லுதான்னு கேட்டுச் சொல்லுங்க."

பெட்டி என்பது ஓங்கலின் சத்தத்தைக் கேட்டுப் பெயராக எழுதிக் காட்டும் கருவி, டாக்டர் தாட்சாயணியுடையது. கோயம்புத்தூர்க்காரி. எந்தக் கெட்ட செய்தியையும் ஒரு 'ங்க' சேர்த்து மென்மையாக்கிவிடலாம் என்று நம்புகிறவள். அவள்தான் பிலோமிக்கு விளக்கினாள்.

"ஒவ்வொரு ஓங்கலுக்கும் தனக்குன்னு ஒரு சீழ்க்கை இருக்குதுங்க. அதுதான் அதோட பேரு. ஒண்ணை இன்னொண்ணு கூப்பிடணும்னா அந்தச் சீழ்க்கையை அப்படியே அடிக்கும். இது ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம்தான். பெட்டி வந்ததுக்கப்புறம் புதுசா ஒண்ணு தெரிஞ்சுச்சுங்க. அடிக்கடி பழகற படகுக்கும் அதுங்க பேர் வெச்சிருக்குதுங்க."

"அவிய படகுக்கும் வச்சிருக்கா?"

"இருக்குதுங்க. திரையில நாங்க 'சந்தியாகு'ன்னே எழுதி வெச்சிருக்கோம். அவர் தம்பி கஸ்பார் படகுக்கும் ஒரு பேர் இருக்குது. மொத்தம் அஞ்சாறு படகுங்க."

"பேரச் சொன்னா என்ன அர்த்தம்?"

தாட்சாயணி என்னைப் பார்த்தாள். "பொதுவா, பிரிஞ்சு போனதைத்தாங்க கூப்பிடும். தாயும் குட்டியும் தனித்தனியாப் போயிட்டா இது அதைக் கூப்பிடும், அது இதைக் கூப்பிடும்."

"அப்ப, அவிய பேரக் கூப்பிட்டா, அவிய பக்கத்துல எங்கயோ இருக்காவ. அதானே?"

"இருக்கலாமுங்க" என்றாள் தாட்சாயணி. அந்த 'லாமுங்க' பிலோமியின் காதில் விழவே இல்லை. எனக்கும் விழவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

மறுநாள் காலையில் கஸ்பாரின் 'ஆரோக்கியம்' படகில் கிளம்பினோம். அந்த ஊரில் கடலுக்குப் போகும் படகில் வீட்டுப் பெண்கள் கால் வைப்பதில்லை. நானும் தாட்சாயணியும் வெளியாட்கள், எங்களை மன்னித்துவிட்டார்கள். பிலோமி ஒரு துணிப்பையோடு தண்ணீரில் இறங்கி வந்து படகைப் பிடித்தபோது கஸ்பார் தயங்கினான்.

"மயினி, ஊர்ல என்ன சொல்லுவாவ..."

"சொல்லுதவளுக்கு வீட்டுக்காரன் வீட்டுல இருக்கான். கையக் குடு."

துணிப்பையில் கஞ்சித்தூக்கும், துவைத்து மடித்த, சந்தியாகு லுங்கியாகக் கட்டும் ஒரு நீலச் சாரமும் இருந்தன. அவன் கிடைத்ததும் ஈரத்தோடு இருக்கக் கூடாதாம், மாற்றிக்கொள்ள வேண்டுமாம்.

தீவுகளுக்கு வடக்கே, வழக்கமாக நாங்கள் ஓங்கலைச் சந்திக்கும் இடத்துக்குப் போனோம். ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கினாள் தாட்சாயணி. நான் அணியத்தில் முட்டுக்கால் போட்டு உட்கார்ந்தேன். பெட்டியின் வேலை முறை எளியது. சீழ்க்கை எந்தத் திசையில் எழுந்ததோ, அதையடுத்து அந்தத் திசையில் நான் எடுக்கும் துடுப்புப் படத்தோடு அதைப் பொருத்திப் பார்க்கும். படம் இல்லாத சத்தத்துக்கு எங்களிடம் மதிப்பில்லை. யார் சொன்னது என்று தெரியாத பேச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலில் ஒரு ஆமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முழுகியது. பிறகு ஆவுளியா என்னும் கடல்பசு ஒன்று, சோம்பலாக மூச்சு விட்டுவிட்டுப் போனது. அதற்கும் பிறகு துடுப்புகள் தெரிந்தன. முன்னால் வந்தது பல்லுக்காரி. துடுப்பின் விளிம்பு பல் பல்லாக இருப்பதால் சந்தியாகு வைத்த பெயர். அவன் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தான். துடுப்பின் நுனி முறிந்த முறிஞ்சானையும் அவன் கூட்டத்தையும் மட்டும் அன்று காணவில்லை. வேறெங்காவது மேயப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பல்லுக்காரி பக்கவாட்டில் திரும்பினாள். அழுத்தினேன். திரையில் எழுத்து வந்தது.

பல்லுக்காரி கூப்பிடுகிறாள்: சந்தியாகு.

பிலோமிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் பிடித்தது. வாசித்து முடித்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடியும் வந்தது. மறுபடியும். இன்னொரு ஓங்கல், அதே பெயர். கஸ்பார் மோட்டாரை முடுக்கி அவற்றின் பின்னால் விட்டான். வடக்கே போனோம், கிழக்கே திரும்பினோம். எந்தப் பக்கம் போனாலும் பெயர் விடாமல் வந்தது. அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டோம்.

அன்று மாலையே தேடுகிறவர்களிடம் சொன்னோம். அவர்கள் ஆதாரம் கேட்டார்கள், கொடுத்தோம். வரிசையாக என் படங்கள், பக்கவாட்டில், துல்லியமாக. அவற்றுக்கு நேரே தாட்சாயணியின் சீழ்க்கைகள். கேள்வி கேட்க இடமே இல்லாத ஆதாரம். தெற்கே பறந்துகொண்டிருந்த விமானம் வடக்கே வந்தது. கப்பலும் வந்தது. பத்திரிகையில் எங்கள் பெயர்கூட வந்தது. வீட்டில் அதை வெட்டி வைத்தார்கள்.

ஒரு நாளும் விடாமல் போனோம். ஒரு நாளும் விடாமல் அந்தப் பெயர் கேட்டது. பிலோமியின் சாரம் பையிலேயே இருந்தது. கிழிசல் வலைத்துண்டு மிதந்தால்கூட அவள் எழுந்து நின்றுவிடுவாள், கஸ்பார் பிடித்து உட்காரவைப்பான். கடைசியில் தேடுகிறவர்கள் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, இதற்கு மேல் நியாயம் இல்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் காட்டிய கடலை அவர்கள் ஒரு சாண் விடாமல் பார்த்துவிட்டார்கள்.

உடல் கிடைக்காமல் போனவனுக்கு அந்த ஊரில் அவன் சட்டையைச் சவப்பெட்டியில் வைத்து அடக்கம் செய்வார்கள். சாமியார் பிலோமியிடம் சட்டை கேட்டு ஆள் அனுப்பினார். அவள் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "இருக்கிற ஆளுக்கு எதுக்குச் சட்டைய பொதைக்கணும்?" என்று கேட்டாளாம்.

கஸ்பார் மட்டும் என்னிடம் வந்தான். "யக்கா, மயினி எப்படியும் ஒத்துக்கிடணும். கோயில்ல வைக்க அண்ணன் போட்டோ ஒண்ணு வேணும். வீட்டுல இருக்கது கல்யாணத்துல எடுத்தது."

சந்தியாகுவின் படம் என்னிடம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆள் குறுக்கே விழுந்த படமும் கழித்துப் போட்ட மூலைக்குத்தான் போகும். பிற்பகலில் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அந்த மூலையைத் திறந்தேன்.

அதில் சமீபத்துப் படங்கள்தான் முதலில் வந்தன. கஸ்பார் படகிலிருந்து எடுத்தவை. நூற்றுக்கணக்கில். எல்லாம் முகங்கள். பல்லுக்காரியின் முகம். அவள் குட்டியின் முகம். இன்னொன்று, இன்னொன்று. தள்ளிக்கொண்டே போனேன். எரிச்சலாக வந்தது. இத்தனை படமா வீணாகப் போயிற்று என்று நினைத்தவள், சட்டென்று கையை எடுத்தேன். படங்களின் நேரத்தைப் பார்த்தேன். பெட்டி அந்தப் பெயரைக் கேட்ட நேரங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

ஒவ்வொரு தடவை பெயர் சொன்னபோதும் அவை எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. சொல்லி முடித்து, படகுக்குப் பக்கத்தில் வந்து, பிறகுதான் பக்கவாட்டில் திரும்பின. திரும்பிய படத்தை நான் வைத்துக்கொண்டேன். பார்த்து வந்த படத்தைக் கழித்துப் போட்டேன்.

தாட்சாயணியைக் கூப்பிட்டேன். அவள் வந்து திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"பிரிஞ்சு போனவனைக் கூப்பிடுறதுன்னா தூரத்தைப் பார்த்துக் கூப்பிடணும். இதுங்க எதுக்கு நம்ம மூஞ்சியைப் பார்த்துக் கூப்பிடுது?" என்றேன்.

அவள் நேரங்களை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தாள். "ஜெசிந்தா... அதுங்க பேர் வெச்சது ஆளுக்கு இல்லீங்க. படகுக்குக்கூட இல்லை. தண்ணிக்குள்ள இருந்து கேக்கறவங்களுக்குப் படகுங்கறது என்ன? தண்ணியைத் தள்ளற மோட்டார் விசிறி போடற சத்தம். அதுதான் பேரு."

"நம்ம பெட்டிக்கு அந்தச் சத்தம் கேக்காதா?"

"மோட்டார் சத்தத்தை முதல்லயே வடிகட்டிடச் சொல்லி நான்தாங்க செஞ்சு வெச்சேன். தொந்தரவா இருக்குதுன்னு."

கஸ்பார் கரையில் படகுக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் படகைப் பார்த்து ஏன் சந்தியாகு என்று கூப்பிட வேண்டும்? இருவரும் மூச்சிரைக்க ஓடிப்போனோம், நான் கேட்டேன். "கஸ்பாரு, உன் படகுல இருக்கிற விசிறி யாரோடது?"

"அண்ணனோடது. ஏன்க்கா?"

நான் குனிந்து அந்த விசிறியைப் பார்த்தேன்.

"அதுல ஒரு இலை மொனை ஒடஞ்சு கெடந்துச்சு. அவன் தூரம் போறான்லா. என்னோடது நல்லா இருந்துச்சு, களத்திக் குடுத்தேன். இத நான் மாட்டிக்கிட்டேன். கரைப்பக்கம் ஓட்டுததுக்கு இது போதும்னு..."

"ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"எதச் சொல்லணும்? அண்ணன் சட்டைய நான் போடுதேன், என் செருப்ப அவன் போடுதான். இதெல்லாம் சொல்லிக்கிட்டா இருப்பாவ?" என்றவன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். "அப்ப அதுக கூப்பிட்டது... நம்மளயா?"

நாங்கள் ஓங்கலைத் தேடி ஓடினோம், ஓங்கல் எங்களைத் தேடி ஓடி வந்தது. நடுவில் விமானத்தையும் கப்பலையும் வேறு இழுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறோம்.

கஸ்பார் படகைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு அவனாகவே பதில் சொன்னான். "அண்ணன் படகுல ஓடுதது என் விசிறி. அப்ப அவன எம் பேரச் சொல்லில்லா கூப்பிடும்?"

கொட்டகைக்கு ஓடினோம். தெற்கே ஆழ்கடல் வரைக்கும் வரிசையாக ஒலி கேட்கும் மிதவைகள் போட்டிருக்கிறோம். அவற்றில் கேமரா கிடையாது, சத்தம் மட்டும். படமில்லாத சத்தம் என்பதால் தனியாக யாராவது தேடினால் ஒழிய பார்ப்பதில்லை. தாட்சாயணி முன்பு அவற்றில் தேடியது 'சந்தியாகு' என்ற பெயரை. இப்போது 'கஸ்பார்' என்று தேடினாள்.

வந்தது. சூறைக்கு மறுநாள், தெற்கே முதல் மிதவையில். அதற்கடுத்த நாள் அதற்கடுத்த மிதவையில். பிறகு இன்னும் தெற்கே. கஸ்பாரும் அவன் படகும் எங்களோடு வடக்கே இருந்த நாட்களில், அவன் பெயரைச் சொல்லித் தெற்குக் கடலில் ஓங்கல் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எல்லா நாளும் உச்சிவேளையில் மட்டும், கொஞ்ச நேரம்.

"உச்சிக்கு மட்டும் ஏனுங்க?" என்றாள் தாட்சாயணி.

கஸ்பார் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே இருந்தான். "பேட்டரில தண்ணி ஏறியிருக்கும். கூரையில கெடக்க சூரியத் தகட்டுலருந்து நேரா மோட்டருக்கு வயரு குடுத்திருக்கான். அதுக்கு உச்சி வெயிலு இருந்தாத்தான் சுத்தும். கரைக்கு வந்து சேரக் காணாது. ஆனா சத்தம் கேக்கும். யக்கா, உங்க மிதவைக்குக் கேக்கும்னுதான் ஓட்டுதான். அவனுக்குத்தான் உங்க பெட்டி பத்தி எல்லாம் தெரியுமே!"

கடைசி மிதவையில் பெயர் கேட்டதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்த நாட்களில் தெற்கே வானம் மூட்டமாகவும் இருந்தது. மிதவைக்கு அப்பால் போயிருக்கலாம், வெயில் இல்லாமல் மோட்டார் சுற்றாதிருக்கலாம். மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தேடுகிறவர்களுக்குச் செய்தி சொன்னோம். கப்பலைத் திருப்புகிறோம் என்றார்கள். ஆனால் அது வடக்கே எங்கோ தூரத்தில் இருந்தது, நாங்கள் அனுப்பிய இடத்தில். அது வந்து சேர்வதற்குள் நாங்களே போய்விடலாம் என்றான் கஸ்பார். ஊர்க்காரர்கள் தங்கள் படகுகளிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிச் சுமந்து வந்து 'ஆரோக்கிய'த்தில் ஏற்றினார்கள்.

பிலோமியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். தப்பான பக்கம் கூட்டிப்போய்விட்டோம் என்று தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"படக எடுங்க. அழுகையெல்லாம் பெறகு வச்சிக்கிடலாம்" என்றாள்.

இருட்டு பிரியுமுன் கிளம்பி அந்தப் பகலும் இரவும் ஓடினோம். மறுநாள் கடைசி மிதவையைத் தாண்டும்போது தண்ணீர் கருநீலமாகிவிட்டது. தூரத்தில் ஒரு திமிங்கலம் மூச்சு விட்டது. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் நான் பார்த்த முதல் திமிங்கலம். கேமராவைத் தூக்கத் தோன்றவில்லை.

உச்சிவேளை நெருங்கியதும் கஸ்பார் மோட்டாரை அணைத்தான். நம் விசிறி சுற்றினால் நம்மைத்தான் கூப்பிடும். இப்போது அது நமக்குத் தெரியும். படகு அலையில் சும்மா ஆடியது. மேலே சாம்பல் மேகம். நான்கு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிலோமி ஜெபம் சொல்லவில்லை. மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள், வெளியில் சொல்ல முடியாத வார்த்தைகளில்.

மேகம் விலகியது. தண்ணீர் கண் கூசும்படி மின்னியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தாட்சாயணி என் தோளை இறுகப் பிடித்தாள். திரையில் எழுத்து ஓடியது. படமில்லாத சத்தம். யார் என்று தெரியாத ஒரு குரல், ஒரே பெயரை, மறுபடி மறுபடி.

கஸ்பார். கஸ்பார். கஸ்பார்.

"ஓடுது!" என்று கத்தினாள் பிலோமி. "மோட்டரு ஓடுது! அவிய இருக்காவ! நான் சொல்லல?"

"எந்தப் பக்கம்க்கா?" என்றான் கஸ்பார்.

அலைக்கு நடுவே நுனி முறிந்த ஒரு துடுப்பு எழுந்தது. முறிஞ்சான். வடக்கே காணாமல் போயிருந்த முறிஞ்சானும் அவன் கூட்டமும் இங்கே இருந்தார்கள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாத் துடுப்புகளும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்கிழக்கே விரைந்தன. அத்தனை வருடத்தில் அப்படி ஒரு படத்தை நான் எடுத்ததில்லை. எடுத்திருந்தாலும் கழித்துத்தான் போட்டிருப்பேன்.

"அதுக பின்னாலயே விடு" என்றேன்.

நீளமான லென்ஸ் என்னிடம் இருந்ததால் மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத்தான் தெரிந்தது. முதலில் ஆரஞ்சுக் கூரை. அதன் மேல் சூரியத் தகடு. பிறகு படகு. 'விடிவெள்ளி' வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. சுக்கான் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்ல, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. அதைச் சுற்றி ஓங்கல்கள். பின்பக்கம் மோட்டாருக்குப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கவில்லை.

"என்னக்கா தெரியுது?" என்றாள் பிலோமி.

"கூரை தெரியுது."

"ஆளு?"

"படகு ஆடுது. சரியாத் தெரியலை."

விரல் நகம் அளவு வெட்டை அரை மைலிலிருந்து காட்டும் லென்ஸ் அது. எனக்குச் சரியாகத் தெரிந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுத்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். போய்ச் சேரும்வரை அவள் அந்தச் சாரத்தைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

கஸ்பார்தான் முதலில் தாவினான். சந்தியாகு கூரை நிழலில், முகத்தைத் தன் பழைய சாரத்தால் மூடிக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்திருந்தான். தண்ணீர்க் கேன் காலியாகப் பக்கத்தில் கிடந்தது. மோட்டாரின் லீவரை முன்னால் தள்ளி, ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தான். மஞ்சள் எழுத்துப் போட்ட பட்டை. என் பழைய கேமராப் பட்டை. சாவி தொங்கவிடக் கேட்டான் என்று நான் கொடுத்தது. வலைக்குப் போடும் முடிச்சு, ஒன்றுக்கு இரண்டாக.

கஸ்பார் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். "கை ஓஞ்சிரும்னு தெரிஞ்சிருக்கு. வெயிலு வந்தா அதுவாச் சுத்தட்டும்னு கெட்டிப் போட்டிருக்கான். உங்களுக்குக் கேக்கும்னு நம்பிக் கெட்டியிருக்கான்க்கா..."

தாட்சாயணி படகின் விளிம்பில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். பிலோமி அழவில்லை. எங்களையெல்லாம் தள்ளிவிட்டு இறங்கி, அந்தப் பழைய சாரத்தை எடுத்து மடித்து வைத்தாள். கொண்டுவந்த நீலச் சாரத்தை விரித்துப் போர்த்தினாள். "நனையல. காஞ்சுதான் இருக்காவ" என்றாள். சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

லீவரை அவிழ்க்க ஒருவருக்கும் கை வரவில்லை. மேகம் மறுபடி மூடி, மோட்டார் தானாக நின்றது. பெயரும் நின்றது.

மாலையில் கப்பல் வந்தது. அதிலிருந்த மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உயிர் போய் இரண்டு மூன்று நாள்தான் இருக்கும் என்றார். அந்த நாட்களில் விமானம் எங்கே பறந்தது என்று அவர் கேட்கவில்லை.

சவப்பெட்டியில் சட்டை வைக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த ஊரில் கடலில் போனவர்களில் உடலோடு அடக்கம் ஆனவர்கள் குறைவு, அந்த வகையில் பிலோமி கொடுத்துவைத்தவள் என்று யாரோ பேசினார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கோயிலில் வைத்த படம் கழித்துப் போட்ட மூலையிலிருந்து எடுத்தது. நான் குறிவைத்திருந்த துடுப்பை மறைத்துக்கொண்டு, குறுக்கே விழுந்து சிரிக்கிறான். அன்று அதற்காக அவனைத் திட்டியிருந்தேன்.

காற்று மாறி மறுபடி கடலுக்குப் போகும் காலம் வந்தது. தாட்சாயணி பெட்டியில் இரண்டு பெயர்களையும் மாற்றி எழுதவேண்டும் என்றாள். தவறான பெயரை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாதுங்க என்றாள். சரிதான். கஸ்பார் அதைவிட எளிய வழி சொன்னான். 'விடிவெள்ளி'யிலிருந்து தன் விசிறியைக் கழற்றித் தன் படகில் மாட்டிக்கொண்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தன் படகுக்கு அடியில் நுழைந்தும் விட்டான்.

பிலோமி வந்து நின்றாள். "அதத் தொடாத."

"மயினி, ஒடஞ்ச இலை. தூரத்துக்கு ஆவாது."

"தூரம் போவாண்டாம். இருக்கட்டும்."

அன்று அவளும் எங்களோடு கஸ்பார் படகில் வந்தாள். இந்த முறை கையைக் கொடு என்று அவள் கேட்கவேண்டியிருக்கவில்லை. தீவுகளுக்கு வடக்கே போய் ஒலிவாங்கியை இறக்கினோம். தாட்சாயணி காதுக்கருவியைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டாள். கஸ்பார் மோட்டாரை மெல்ல ஓடவிட்டான்.

துடுப்புகள் தெரிந்தன. பல்லுக்காரி முன்னால், குட்டி பின்னால், அதற்கும் பின்னால் தெற்கிலிருந்து திரும்பியிருந்த முறிஞ்சான். எல்லாம் எங்களைப் பார்த்து நேராக வந்தன. நான் பக்கவாட்டுக்காகக் காத்திருக்கவில்லை. வந்த முகங்களையெல்லாம் எடுத்தேன்.

திரையில் 'சந்தியாகு' என்று வந்தது. பிலோமி திரையைப் பார்க்கவில்லை. காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது. படகில் அழாதவள், கல்லறையில் அழாதவள், அப்போது உடைந்து அழுதாள்.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்கே" என்றாள். "ஏய்யா கஸ்பாரு, அதுகளுக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்."

கஸ்பார் லீவரை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி விசிறியின் சத்தத்தைக் கூட்டினான்.